எழுத வந்தவர்கள்

காங்கேயம், பல்லடம், அவினாசி வட்டாரத்தில் அறுபதைத் தாண்டிய யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். மழை, கிணற்றுத் தண்ணீர், பையனுக்குப் பெண் அமையாத கவலை எல்லாம் பேசி ஓய்ந்தபின், "அப்பெல்லாம் எங்கூருக்கு எழுத வருவாங்களுங்க" என்று ஒரு கதை வரும். எழுத வந்தவர்கள் என்றால் ஆராய்ச்சிக்காரர்கள். சென்சஸ் எடுக்க வந்த வாத்தியார்களும் எழுதத்தான் செய்தார்கள்; ஆனால் வாசலில் நின்றபடியே எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆராய்ச்சிக்காரர்கள் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார்கள், மோர் வாங்கிக் குடித்தார்கள், நாளைக்கும் வருகிறேன் என்று சொல்லி நாளைக்கும் வந்தார்கள், சிலர் வீடு பிடித்துக் குடியே வந்துவிட்டார்கள்.

அப்படிக் குடிவந்தவர்களில் பெரிய பெயர் பிரெண்டா பெக். 1960களின் நடுவில், முனைவர் பட்டத்துக்காக ஆக்ஸ்போர்டிலிருந்து வந்து காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் தங்கி, எந்தச் சாதி எந்தச் சாதியிடம் என்ன வாங்கிச் சாப்பிடும், எதை வாங்காது, எந்தக் கோயிலில் யாருக்கு முதல் மரியாதை என்பதையெல்லாம் குறித்துக்கொண்டார். பாடகர்கள் பல இரவுகள் பாடிய அண்ணன்மார் கதையையும் ஒலிநாடாவில் பிடித்து வைத்தார். கொங்குக் குடியானவர் சமூகத்தைப் பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1972இல் வந்தது. பின்னால் ஜூடித் ஹேயர் வந்தார். 1981-82இல் கோவை மாவட்டத்துக் கிராமங்களில் விவசாயக் கூலிகளைப் பற்றி எழுதிக்கொண்டு போனவர், 1996இல் அதே கிராமங்களுக்குத் திரும்பினார், அதன் பிறகும் வந்தார். பண்ணையாளாக இருந்த அப்பன் காலத்தையும் கூலிக்கு வெளியூர் போகும் மகன் காலத்தையும் ஒரே ஆள் வந்து பார்த்து எழுதிய அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

நான் இந்த வேலைக்குள் வந்தது 1990களின் தொடக்கத்தில். பொருளாதாரம் எம்.ஏ. முடித்துவிட்டுக் கண்ட இடத்துக்கெல்லாம் மனுப் போட்டுக்கொண்டிருந்த காலம். மருதமலை அடிவாரத்தில் 1982இல் பாரதியார் பல்கலைக்கழகம் வந்த பிறகு, ஆராய்ச்சி என்பது சென்னைக்கு ரயிலேறிப் போய்ச் செய்கிற காரியமாக இல்லாமல், டிபன் பாக்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் போய்ச் செய்யக்கூடிய காரியமாக ஆகியிருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஒரு அம்மையாருக்கு மொழிபெயர்க்கவும் வினாத்தாள் நிரப்பவும் ஆள் வேண்டும் என்று எங்கள் பேராசிரியர் சொன்னார். சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்பதுதான் அந்த நேர்முகத் தேர்வில் கேட்கப்பட்ட முக்கியமான கேள்வி. பரீட்சை அட்டையில் கிளிப் போட்டு, ரோனியோவில் உருட்டிய வினாத்தாள் கட்டை கேரியரில் வைத்துக் கட்டி, அவினாசி சாலையிலிருந்து பிரியும் வண்டித்தடங்களில் நாங்கள் இரண்டு பேரும் முன்னும் பின்னுமாகச் சைக்கிளில் போன காலை நேரங்கள் அவை. பள்ளிக்கூடத்துக் காலாண்டுக் கேள்வித்தாளின் மை வாசனை உங்களுக்கு ஞாபகமிருந்தால், என் இளமையின் வாசனையும் அதுதான்.

வினாத்தாளின் முதல் கேள்வி குடும்பத் தலைவர் பெயர். அதைக் கேட்பதற்குள் நாங்கள் எத்தனை கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்! "எந்தூருங் தம்பி? அங்க யாரு ஊட்டுப் பையன்? உங்க அம்மிச்சி ஊரு எது?" என்று சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் "அப்ப நீங்க எந்தக் கூட்டமுங்க?" என்று குலத்தில் வந்து நிற்கும். அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் கட்டில் திண்ணையில் போடப்படுமா, ஆசாரத்திலா, வேப்பமரத்தடியிலா என்று முடிவாகும். அம்மையாரிடம் கேட்பதற்கு இந்தத் தடை எதுவும் கிடையாது. உங்கூர்ல எருமை உண்டுங்களா, ஒரு ஏக்கரா என்ன வெலை போகுது, கண்ணாலம் ஆச்சுங்களா, அப்பா அம்மாவை அங்க யாரு பாத்துக்கறாங்க என்று ஒவ்வொன்றாக வரும். அவர் சலிக்காமல் பதில் சொல்வார், நான் சலிக்காமல் மொழிபெயர்ப்பேன். எல்லாம் முடிந்து வெற்றிலையை மடிக்கும்போது கடைசியாக ஒரு கேள்வி வரும். "இதையெல்லாம் எழுதிட்டுப் போனா உங்களுக்கு என்ன கெடைக்கும்? எங்களுக்கு என்ன கெடைக்கும்?"

இந்தக் கேள்வியைக் கேட்காத வீடு குறைவு. தோட்டம் துரவு உள்ளவரும் கேட்டார், களையெடுக்கப் போகும் பாட்டியும் கேட்டாள். அம்மையார் ஒவ்வொரு முறையும் நேர்மையாக, எனக்குப் பட்டம் கிடைக்கும், உங்களுக்கு உடனே எதுவும் கிடைக்காது, ஆனால் நீங்கள் சொன்னதைத் திரிக்காமல் எழுதுவேன் என்பார். அதைக் கேட்டுவிட்டு, "அப்பச் சரி, எழுதிக்குங்க" என்று சொன்னவர்கள் உண்டு; "அப்ப எதுக்குங்க, பொழப்பப் பாருங்க" என்று எழுந்து கட்டுத்தரைப் பக்கம் போனவர்களும் உண்டு. இரண்டும் எனக்கு மரியாதையாகவே பட்டன. ஒரு மணி நேரம் நாங்கள் அவர்களை விசாரிக்க வேண்டுமென்றால் அரை மணி நேரம் அவர்கள் எங்களை விசாரிக்க வேண்டும். எழுதப்படாத ஒப்பந்தம் அது, எந்த முத்திரையும் கையெழுத்தும் இல்லாமலே நடைமுறையில் இருந்தது.

கணவன் கட்டிலில் உட்கார்ந்து பதில் சொல்ல, மனைவி கதவுக்குப் பின்னால் நின்று திருத்துவாள். கடன் எவ்வளவு என்று கேட்டால் அவர் "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்பார்; உள்ளேயிருந்து தொகை வரும், வட்டியோடு சேர்த்து வரும். அன்றைய வினாத்தாளில் கதவுக்குப் பின்னால் இருப்பவருக்குக் கட்டம் கிடையாது. அவள் சொன்ன தொகை அவர் பெயரில் ஏறும். அந்த வீடுகளின் வரவுசெலவை முழுக்கத் தெரிந்து வைத்திருந்தது அந்தக் குரல்கள்தான் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அம்மையார் ஓரத்தில் பென்சிலால் "மனைவி சொன்னது" என்று குறித்து வைப்பார். அந்தப் பென்சில் குறிப்புகளையெல்லாம் ஒன்றுசேர்த்தால் அதுவே தனி ஆராய்ச்சியாகும் என்று அப்போதே தோன்றும்.

அருந்ததியர் வளவுக்குள் போவது வேறு விதம். நாங்கள் அங்கே உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தோம் என்ற செய்தி எங்கள் சைக்கிளை முந்திக்கொண்டு ஊருக்குள் வந்துவிடும். மறுநாள் சில வீடுகளில் கட்டில் வராது. ஒரு ஊரின் டீக்கடை எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். பாய்லருக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்த கண்ணாடி டம்ளர்கள். கீற்றுத் தட்டியில் செருகிய அலுமினிய டம்ளர்கள், அவற்றில் ஒன்றின் விளிம்பு நசுங்கி, பிடிக்கும் இடத்தில் கரி ஏறியிருக்கும். வளவிலிருந்து வந்தவர் தானே அதை எடுத்து, கழுவி, நீட்டி, உயரத்திலிருந்து ஊற்றப்படும் டீயைப் பிடித்து, குடித்துவிட்டுத் தானே கழுவிச் செருகிவிட்டுப் போக வேண்டும். காசு மட்டும் இரண்டு டம்ளருக்கும் ஒன்று. அம்மையார் அலுமினிய டம்ளரை எடுத்து நீட்டியதையும் கடைக்காரர் டீயை ஊற்றாமல் கையைத் துடைத்துக்கொண்டு நின்றதையும் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று வினாத்தாள் சொல்லவில்லை.

ஆராய்ச்சி உலகம் அந்த டம்ளருக்கு வந்து சேர நாளாயிற்று. சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கீர்ட் டி நீவும் கிரேஸ் கார்ஸ்வெல்லும் திருப்பூரைச் சுற்றிய இரண்டு கிராமங்களை, பெயரை மறைத்து, ஒப்பிட்டு எழுதிய கட்டுரை 2014இல் வந்தபோது அதன் தலைப்பிலேயே டி-சர்ட்டும் டம்ளரும் இருந்தன. ஒரு கிராமத்துத் தலித் மக்களுக்குத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிற வழி திறந்தது; ஊர்க்காரர்களை நம்பிப் பிழைக்க வேண்டிய கட்டாயம் தளர்ந்தது. இன்னொரு கிராமத்தில் விசைத்தறி முன்பணம் என்ற கடன் காலைக் கட்டியது. தறியை விட்டுப் போக முடியவில்லை, பழைய அடக்குமுறை புதிய கூரைக்குக் கீழே தொடர்ந்தது. அதைப் படித்த இரவு நான் வெகுநேரம் தூங்கவில்லை. எங்கள் கண்ணுக்கு முன்னால் இருந்ததை யாரோ கடைசியில் உரிய இடத்தில் உரிய பெயரோடு எழுதிவிட்டார்கள் என்ற நிறைவு.

கிராமங்கள் முடிந்து எங்கள் வேலை திருப்பூருக்கு வந்தபோது உலகமே வேறாக இருந்தது. காலை எட்டரைக்குச் சங்கு, இரவு எட்டரைக்கு விடுதலை. அதை ஒன்றரை ஷிப்ட் என்பார்கள், அவசர ஆர்டர் என்றால் இரண்டு ஷிப்டும் ஓடும். கட்டிங், ஓவர்லாக், பேட்லாக், கைமடி, செக்கிங் என்று ஒவ்வொரு மேசையிலும் ஒரு மாவட்டம் உட்கார்ந்திருக்கும். தேனி, உசிலம்பட்டி, ராமநாதபுரம், திருநெல்வேலி, திண்டுக்கல். ஆண்டிபட்டிக்காரர் ஒருவர் பேட்லாக் மாஸ்டர் ஆகிவிட்டால் அவருக்குப் பின்னால் அவர் தெருவே வந்து இறங்கும். பேட்டிக்கு உகந்த நாள் ஞாயிறு, அதுவும் பத்து மணிக்கு மேல். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, இரண்டாம் ஆட்டம் பார்த்து, தாமதமாக எழுந்து, லைன் வீட்டு வாசலில் கறி கொதிக்க, அத்தனை பேரும் பேசத் தயாராக இருப்பார்கள். ஊருக்கு எவ்வளவு அனுப்புகிறீர்கள் என்று கேட்டால் தகரப் பெட்டியைத் திறந்து பிளாஸ்டிக் உறையிலிருந்து மணியார்டர் ரசீதுகளை எடுத்து விரிப்பார்கள். நான் கூட்டிப் போட்டுக்கொண்டிருக்கும்போதே ஒருவர், "அண்ணே, அப்படியே ஊருக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்கண்ணே" என்று இன்லாண்டு கவரை நீட்டுவார்.

எத்தனை கடிதங்கள் எழுதியிருப்பேன்! தங்கச்சி சடங்குக்கு வர முடியாது, பணம் அனுப்புகிறேன். ஆட்டை விற்க வேண்டாம், தீபாவளி போனஸில் கடனைக் கட்டிவிடலாம். உடம்பு நன்றாக இருக்கிறது. உடம்பு நன்றாக இருக்கிறது என்று எழுதச் சொன்னவர் பஞ்சுத் தூசியில் இருமிக்கொண்டே சொல்வார். எழுத வந்தவர்கள் என்று எங்களுக்குப் பெயர் வைத்தது கிராமம். அந்தப் பெயருக்கு நான் உண்மையாக இருந்தது திருப்பூர் லைன் வீடுகளில். பேட்டிக்குப் பதில் கொடுத்தவர்களுக்குக் கைம்மாறாக எங்களிடம் இருந்தது இந்தக் கையெழுத்து ஒன்றுதான். அவர்களும் அதை ஈடு என்று ஏற்றுக்கொண்டார்கள். பிறகு எஸ்.டி.டி. பூத்துகள் வந்தன, இரவுக் கட்டணம் குறையும் நேரம் பார்த்து வரிசை நின்றது, கடிதம் கேட்பது நின்றுபோயிற்று. மனிதர்கள் தங்கள் அம்மாவோடு தாங்களே பேசிக்கொண்டார்கள், அதைவிட நல்லது என்ன இருக்கிறது? இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் என் பேனா ஏங்கியது உண்மை.

அந்த நாள்களில் எங்களுக்கு உலகம் என்றால் காதர்பேட்டை. ஏற்றுமதியில் கழித்த டி-சர்ட்டுகள் குவியலாகக் கிடக்கும்; மார்பில் எந்த நாட்டிலோ உள்ள பந்தாட்டக் குழுவின் பெயரோ, கல்லூரியின் பெயரோ அச்சாகியிருக்கும், ஒரு கை மற்றதைவிடச் சற்று நீளமாக இருக்கும். அதைப் போட்டுக்கொண்டுதான் நான் அம்மையாரின் ஊரைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஊர்க் கடைகளில் தொங்கும் சட்டையைத் தைத்த கை எது என்று தேடி அவர் இங்கே வந்திருக்க, அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போகிற தெரு எப்படி இருக்கும் என்று நான் தேடிக்கொண்டிருந்தேன்.

பிறகு எல்லாம் வேகம். ஏற்றுமதிக்கு இருந்த ஜவுளி ஒதுக்கீட்டு முறை 2005 ஜனவரியோடு போனது, திருப்பூர் பெருத்தது, 2009இல் தனி மாவட்டமானது. நொய்யல் ஆறு சாயம் ஓடும் வாய்க்காலாகி, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டில் நெதர்லாந்து அமைப்புகள் இரண்டு, நூற்பாலைகளில் நடந்த சுமங்கலித் திட்டத்தைப் பற்றி அறிக்கை வெளியிட்டன. கல்யாணத்துக்குக் கைநிறையப் பணம் என்று சொல்லி மூன்றாண்டுகள் விடுதிக்குள் வைத்து வேலை வாங்கப்பட்ட இளம்பெண்களின் கதை ஐரோப்பியத் துணிக்கடைகள் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. ஆராய்ச்சியால் என்ன கிடைக்கும் என்று கேட்ட பாட்டிக்கு அன்றைக்குச் சொல்ல ஒரு பதில் கிடைத்தது. அவள்தான் இல்லை.

தென்மாவட்டத்துக்காரர்கள் உட்கார்ந்திருந்த மேசைகளில் இன்று ஒடிசாவும் பீகாரும் ஜார்க்கண்டும் அசாமும் உட்கார்ந்திருக்கின்றன. கோவை சிங்காநல்லூரில் வந்து இறங்கும் தேனி பஸ்ஸைப் போல, தன்பாத்திலிருந்து ஆலப்புழை போகும் ரயில் திருப்பூருக்கு ஆள்களைக் கொண்டுவந்து இறக்குகிறது. ஊர் அவர்களை எண்ணி வைத்துக்கொள்ளவில்லை. வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் 1979இலேயே வந்துவிட்டது, பதிவேடு வைக்க வேண்டும் என்றது. 2020 மே மாதத்தில் கோவையிலும் திருப்பூரிலும் சிறப்பு ரயிலுக்காகக் கைக்குழந்தைகளோடு வெயிலில் வரிசை நின்றவர்கள் எந்தப் பதிவேட்டிலிருந்து வந்தார்கள்? அந்த ஆண்டு செப்டம்பரில், ஊர் திரும்பும் வழியில் இறந்த தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று நாடாளுமன்றத்தில் கேட்டபோது, அப்படிப்பட்ட கணக்கு இல்லை என்று ஒன்றிய அரசு சொல்லிவிட்டது. ரோனியோ தாளில் ஆட்டுக்குட்டி முதற்கொண்டு எண்ணிய என்னைப் போன்றவர்களுக்கு அந்தப் பதில் நெஞ்சில் அறைந்த மாதிரி இருந்தது. 2023 மார்ச்சில் வடமாநிலத்தவரை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய்க் காணொலிகள் பரவியபோதும், யாரும் அவர்களை அறிந்து வைத்திருக்காத அதே குறைதான். பீகார் அரசின் குழு வந்து பார்த்துவிட்டுப் போனது, காவல்துறை வதந்தி என்று இந்தியிலேயே சொல்லிப் பார்த்தது. ஆனால் அதற்குள் மூட்டை கட்டி ஸ்டேஷனுக்குப் போனவர்கள் போய்விட்டார்கள். பக்கத்து லைன் வீட்டுக்காரர் ஒருவரோடு பேசிப் பழகியிருந்தால், அந்தக் காணொலியைக் காட்டி "இது நெஜமாண்ணே?" என்று கேட்டிருப்பார்கள். பழக்கம் இல்லாத இடத்தில் கைப்பேசி சொன்னதுதான் நிஜம்.

வினாத்தாளில் சொந்த ஊர் எது என்று ஒரு கட்டம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதை நிரப்ப எனக்கு மிகவும் சிரமமாக இருந்தது தேனிக்காரரிடமோ ஒடிசாக்காரரிடமோ அல்ல, பூலுவப்பட்டி அகதிகள் முகாமில். இலங்கையிலிருந்து அகதிகளாக வந்தவர்களுக்கு இங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போய், கோவைக் கல்லூரிகளில் பட்டம் வாங்கி, எங்களைவிட நன்றாக "ஏனுங்க" போட்டுப் பேசும் பிள்ளைகள். சொந்த ஊர் என்று அவர்கள் எழுதுவது அம்மா சொல்லிக் கேட்ட மன்னார்ப் பக்கத்து ஊர், கண்ணால் பார்த்ததில்லை. அகதி முகாம் என்ற பெயரை 2021இல் தமிழ்நாடு அரசு மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது, நல்ல காரியம். குடியுரிமை மட்டும் இன்னும் அந்தப் பிள்ளைகளுக்கு எட்டவில்லை. 2019இன் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி இப்போது முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு ஓவர்லாக் தைக்க வந்தவர்கள். 1990களில் நான் எழுதிய வினாத்தாள்களில் "குழந்தைகள்" என்ற கட்டத்தில் வெறும் எண்ணாக இருந்திருக்கக்கூடிய பெண், இன்று ஒடிசாவிலிருந்து நூற்பாலை விடுதிகளுக்கு வரும் இளம்பெண்களைப் பற்றி எழுதுகிறாள். அவளிடம் டேப்லெட் இருக்கிறது, ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது, பல்கலைக்கழக நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்த சம்மதப் படிவம் ஒடியா மொழியிலேயே இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் பேட்டியை நிறுத்தலாம், பெயர் வெளியே வராது என்று அதில் எழுதியிருக்கிறது. நாங்கள் வாய்வார்த்தையாகச் சொன்னதற்கெல்லாம் இன்று பாதுகாப்பு வந்துவிட்டது. சூப்பர்வைசர் காதில் விழுந்தால் வேலை போய்விடும் என்று பயப்படுகிற ஒரு பெண்ணுக்கு அந்தத் தாள் எவ்வளவு பெரிய தைரியம்! எங்கள் காலத்தில் கதவுக்குப் பின்னாலிருந்து வந்த குரல் இன்று நேருக்கு நேர் உட்கார்ந்து, தன் பெயரிலேயே பதில் சொல்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளோடு போயிருந்தேன். விடுதிக்குள் ஆண்களுக்கு அனுமதியில்லை, வெளி ஆள்களுக்கும் லேசில் கிடைக்காது. அதனால் அந்தப் பெண்கள் வார்டன் துணையோடு வெளியே வரும் சந்தையில்தான் பேச்சு. வளையல் கடைக்கும் சிப்ஸ் கடைக்கும் நடுவே நின்றபடி, ஒடியா தெரிந்த தோழியின் உதவியோடு, டேப்லெட்டைத் தட்டித் தட்டி அவள் கேட்டாள். கேள்விகள் எங்களுடையவற்றைவிட எவ்வளவோ நன்றாக இருந்தன. திரையின் மூலையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பும் வழியில், உன்னை யாராவது திருப்பிக் கேட்டார்களா என்றேன். "சம்மதப் படிவத்துல ஒரு வரி இருக்குங்க சார், உங்களுக்கு ஏதாவது சந்தேகம் இருந்தா கேளுங்கன்னு. எல்லாரும் கையெழுத்துப் போட்டுடறாங்க. கேக்கறதுக்கு அவங்களுக்கும் நேரமில்ல, எனக்கும் நேரமில்ல" என்றாள். சற்றுப் பொறுத்து, "ஒரே ஒரு பொண்ணு மட்டும், அக்கா உனக்கு இதுக்கு எவ்வளவு சம்பளம்னு கேட்டாங்க" என்றாள். அவள் என்ன சொன்னாளாம்? உதவித்தொகை இவ்வளவு, அதுவும் சில மாதம் தாமதமாக வருகிறது என்றாளாம். "எங்களுக்கும் பி.எஃப். அப்படித்தான்" என்று அந்தப் பெண் சிரித்தாளாம். என்னைக் கேட்டால், அன்றைய பேட்டிகளிலேயே சிறந்தது அதுதான்.

இந்தப் பக்கம் என் தங்கை மகன் ஜெர்மனியில் மேற்படிப்புப் படிக்கிறான். அவன் தலைமுறையில் கொங்கு நாட்டிலிருந்து ஜெர்மனி, கனடா, ஆஸ்திரேலியா போகாத தெரு இல்லை; தோட்டத்தை விற்றும், வங்கிக் கடன் வாங்கியும் அனுப்புகிறார்கள். போன குளிர்காலத்தில் கூப்பிட்டு, "மாமா, எங்க வகுப்புல திருப்பூரைப் பத்திப் பாடம் எடுத்தாங்க" என்றான். இளைஞர்கள், இடப்பெயர்வு, உலகச் சமூகம் என்று ஏதோ தலைப்பு. திரையில் நொய்யல் வந்ததாம், ஒரு லைன் வீடு வந்ததாம், இவன் கையைத் தூக்கி அது எங்கள் ஊர் என்றானாம், வகுப்பே திரும்பிப் பார்த்ததாம். அடுத்த வாரமே அவன் கைப்பேசிக்கு ஒரு வினாப்பட்டியல் வந்திருக்கிறது. வெளிநாட்டு மாணவர் அனுபவம்: வாடகை எவ்வளவு, பகுதிநேர வேலை எத்தனை மணி, ஊருக்குப் பணம் அனுப்புகிறாயா, தனிமையாக உணர்கிறாயா. எப்படிப் பதில் சொன்னாய் என்று கேட்டேன். "டிராம்ல நின்னுக்கிட்டே டிக் பண்ணிட்டேன் மாமா. தனிமைக்கு ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் நம்பர் போடணும். மூணு போட்டேன்." யாரும் கட்டில் போடவில்லை, மோர் கொடுக்க அவனுக்கும் ஆளில்லை. கேட்டவர் யாரென்று அவனுக்குத் தெரியாது. அந்த மூன்றுக்குள் என்னென்ன இருந்தது என்று நான்தான் இரவு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

திருப்பூரைப் பற்றி எழுதியவர்கள் இன்று ஒரு நூலக அலமாரியை நிரப்புவார்கள். 1994இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து பத்மினி சுவாமிநாதனும் ஜெ. ஜெயரஞ்சனும் எழுதினார்கள், மறு ஆண்டு பமீலா காதோர்னின் கட்டுரை வந்தது, விவசாயக் குடும்பத்திலிருந்து வந்து பனியன் கம்பெனி முதலாளி ஆனவர்களைப் பற்றிய சரத் சாரியின் நூல் 2004இல் வந்தது. எல்லாமே ஆங்கிலத்தில். அவற்றுக்குப் பதில் கொடுத்த ஓவர்லாக் டெய்லர்களும் கைமடிப் பெண்களும் தங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே ஓய்வு பெற்றுவிட்டார்கள். நெறிமுறைக் குழுக்கள் இத்தனை கவனமாகப் படிவம் தயாரிக்கின்றன. எழுதி முடித்ததைப் பேசியவர்களின் மொழியில் அவர்கள் முன்னால் படித்துக் காட்டினாலொழியப் பட்டம் இல்லை என்று ஒரு விதியையும் சேர்த்துவிட்டால் என்ன? அதற்கு ஆகும் செலவு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொஞ்சம் டீ, ஒரு மொழிபெயர்ப்பாளர்.

இதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் விதி வரும்வரை காத்திருக்கவில்லை. போன மாதம் அனுப்பர்பாளையத்தில் ஒரு தொழிற்சங்க அறையைக் கேட்டு வாங்கி, விடுதியை விட்டு வெளியே வந்து லைன் வீடுகளில் குடியிருக்கும் ஒடியாப் பெண்களையும், அவளுடைய அப்பா காலத்து டெய்லர்களையும் ஒன்றாகவே உட்கார வைத்தாள். முதல் இரண்டு அத்தியாயங்களைத் தமிழில் சொல்ல, தோழி ஒடியாவில் சொன்னாள். ஓவர்டைம் கணக்கு வந்ததுமே ஒரு பெண் எழுந்துவிட்டாள். நீங்கள் எட்டு மணி நேரத்துக்கு மேல் போனதைத்தான் ஓவர்டைம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஷிப்டுக்கு அரை மணி முன்னாலேயே வந்து மிஷின் துடைக்கச் சொல்கிறார்களே, அது எதில் சேரும்? பின் வரிசையிலிருந்து ஒரு பழைய பேட்லாக் மாஸ்டர், "எங்க காலத்துலயும் அது கணக்குல வரலம்மா, நாங்க கேக்கல, நீ கேளு" என்றார். அதைத் தோழி ஒடியாவில் சொன்னதும் அந்தப் பெண் அவரிடமே திரும்பி, ஏன் கேட்கவில்லை என்று கேட்டாள். அவர் பதில் சொல்ல ஆரம்பித்தார். 1980களின் பஞ்சப்படிப் போராட்டத்திலிருந்து தொடங்கியதால் லேசில் முடியவில்லை. என் மாணவி டேப்லெட்டை மூடி வைத்துவிட்டு, ஒரு நோட்டை எடுத்து வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தாள். மூன்றாவது அத்தியாயத்துக்கு வருவதற்குள் கடைசி டவுன் பஸ் நேரமாகிவிட்டது. மீதியை வரும் ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்வதென்றும், மிஷின் துடைக்கும் அரை மணியைத் தேதிவாரியாக அவரவர் எழுதிக்கொண்டு வருவதென்றும் முடிவாயிற்று.